ஐஸ் ஹாக்கி கோலி சாமான்: எதைப் பழையதாக வாங்கலாம், நாற்றத்துக்கு என்ன செய்வது?

மார்க்கம்_அம்மா

வணக்கம். மகனுக்கு 11 வயது. போன சீசனில் டீமில் கோலி (கோல்கீப்பர்) நிற்க யாரும் முன்வராததால் பிள்ளைகளை முறை வைத்து நிற்கச் சொன்னார்கள். இவன் முறை வந்த பிறகு அந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டான். பயிற்சியாளருக்கும் சந்தோஷம்தான். அப்போது சங்கம் கடனாகக் கொடுத்த சாமான்களை வைத்துச் சமாளித்தோம். வரும் சீசனுக்கு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள்.

தெரிந்த ஒருவரின் மகன் விளையாட்டை விட்டுவிட்டதால் முழு செட்டையும் ஒரே விலைக்குத் தருகிறேன் என்கிறார். கால் பேட், பிளாக்கர் (மட்டை பிடிக்கும் கையில் போடும் தட்டைக் கவசம்), கேட்சிங் கிளவ் (மற்றக் கையில் போடும், பிடிப்பதற்கான கையுறை), செஸ்ட் ப்ரொடெக்டர் (மார்புக் கவசம்), பேன்ட், மாஸ்க், ஸ்கேட் எல்லாம் இருக்கிறது. அந்தப் பையன் இவனைவிட மூன்று வயது மூத்தவன், பேட் இவனுக்கு முக்கால் தொடை வரை ஏறி நிற்கிறது. வளரும் பிள்ளைதானே, பெரிதாக இருந்தால் இரண்டு சீசன் ஓடும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். புதிதாக வாங்கினால் மாஸ்க், பேட் இரண்டுமே கையைக் கடிக்கும். என்ன செய்யலாம்?

அப்புறம் நாற்றம். மாமியார் அந்தப் பையை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் கராஜில் வைக்கிறோம். ஆனாலும் அடுத்த பயிற்சிக்குப் பையைத் திறக்கும்போது கிளவ் ஈரமாகவே இருக்கிறது. வாஷிங் மெஷினில் போடலாமா?

இன்னொன்று. இடது பக்கம் தள்ளிப் போகும்போது மட்டும் கால் பிடிக்காமல் வழுக்குகிறது என்கிறான். ஸ்கேட் தீட்டக் கொடுத்தால் கடையில் "ஹாலோ எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். எனக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை.

ஸ்கார்பரோ_கோலி

வணக்கம் அக்கா. நான் சின்ன வயதில் இருந்து கோலிதான், இப்போதும் பெரியவர்கள் லீக்கில் இரவு ஆட்டங்களுக்கு நிற்கிறேன். என் சாமான் பாதிக்கு மேல் பழையதாக வாங்கியதுதான், அதனால் பழையது என்பதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் முழு செட் என்ற பேச்சை முதலில் மறந்துவிடுங்கள். ஒவ்வொரு சாமானையும் தனியாக எடுத்துப் பாருங்கள், பொருந்துவதை மட்டும் வாங்குங்கள்.

பேட் பற்றி உறுதியாகச் சொல்கிறேன், பெரிய பேட் வேண்டாம். கோலி பட்டர்ஃப்ளை போடும்போது, அதாவது முழங்கால் இரண்டையும் பனியில் இறக்கிக் கால்களை இரு பக்கமும் விரிக்கும்போது, முழங்கால் பேட்டின் உள்பக்கம் இருக்கும் அந்தத் தடித்த பஞ்சுக் கட்டையின் நடுவில் போய் இறங்க வேண்டும். பேட் பெரிதாக இருந்தால் முழங்கால் அதற்குக் கீழே இறங்கும், பேட் சரியாகச் சுழலாது, முகப்பு ஷூட்டரைப் பார்க்காமல் மேலே பார்க்கும். நிற்கும்போது இரண்டு பேட்டின் மேல்நுனியும் ஒன்றோடொன்று இடித்து நடையே மாறிப்போகும். பிள்ளை அதற்கு ஏற்றமாதிரி உடம்பை வளைத்துப் பழகிவிட்டால் பிறகு சரியான பேட் கொடுத்தாலும் அந்தப் பழக்கம் போகாது. 28+1 என்று எழுதியிருப்பார்கள், முதல் எண் அங்குலத்தில் உயரம், கூட்டல் என்பது தொடைப் பக்கம் கூடுதலாக இருக்கும் நீளம். கடைக்குப் போனால் ஸ்கேட்டோடு போட்டுப் பார்த்து, கணுக்காலில் இருந்து முழங்கால் நடு வரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவுதான் முக்கியம், வயது அல்ல. கொஞ்சம் வளர இடம் வேண்டுமென்றால் தொடைப் பக்கம் ஓர் அங்குலம் கூடலாம், முழங்கால் இடம் தவறக் கூடாது.

பெரிய பேட் இருந்தால் நிறைய அடைக்கலாமே என்று நினைப்பவர்களுக்கு: வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லிலேயே 2005-06 சீசனில் பேட் அகலத்தை 12 அங்குலத்தில் இருந்து 11 அங்குலமாகக் குறைத்தார்கள், பிறகு உயரத்தையும் கோலியின் உடம்பு அளவோடு கட்டிப்போட்டார்கள். அதற்குப் பிறகும் நல்ல கோலிகள் நல்லாகத்தான் தடுக்கிறார்கள்.

மாஸ்க் விஷயத்தில் கறாராக இருங்கள். சிஎஸ்ஏ (கனடாவின் தரச் சான்று) ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அது இல்லாமல் பிள்ளைகள் ஹாக்கியில் இறங்க முடியாது. பிறகு உள்ளே இருக்கும் பஞ்சைக் கழற்றி, ஓட்டில் உள்ளும் வெளியும் முடி போன்ற விரிசல் ஏதும் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். படம் வரைந்த மாஸ்க் என்றால் விரிசல் பெயின்டுக்கு அடியில் மறைந்திருக்கும். யாராவது புதிதாகத் துளை போட்டிருந்தாலோ அந்த மாஸ்க்குக்கு உரியதல்லாத முன்கம்பியை மாட்டியிருந்தாலோ வாங்கவே வேண்டாம், சான்றிதழ் செல்லாது. சில பெரியவர்கள் போடும் கண் பக்கம் அகலமாகத் திறந்த பூனைக்கண் கம்பி பிள்ளைகளுக்கு ஆகாது, மட்டையின் நுனி உள்ளே வந்துவிடும். பக், அதாவது பந்துக்குப் பதிலாக அடிக்கும் வட்டு, 3 அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள கெட்டி ரப்பர், எடை 156 முதல் 170 கிராம். அது துள்ளாமல் இருக்க ஆட்டத்துக்கு முன் உறைய வைப்பார்கள், கல் மாதிரி வரும். தலையில் ஆடும் மாஸ்க் இருந்தும் பயனில்லை. தாடையைப் பிடித்து ஆட்டினால் முகத்தின் தோலும் சேர்ந்து நகர வேண்டும், மாஸ்க் மட்டும் தனியாக நகர்ந்தால் அளவு பெரிது.

1959 நவம்பர் 1 அன்று மான்ட்ரியல் கனேடியன்ஸ் கோலி ஜாக் பிளான்ட் நியூயார்க்கில் ரேஞ்சர்ஸோடு ஆடும்போது ஆண்டி பாத்கேட் அடித்த பக் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு வந்தவர், மாஸ்க் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் டீமில் மாற்று கோலி இல்லை. மாஸ்க்கோடு இறங்கினார், மான்ட்ரியல் 3–1 என்று ஜெயித்தது. அதுவரை இந்த வேலையைப் பெரும்பாலும் வெறும் முகத்தோடுதான் செய்தார்கள் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறும். அதனால் காசு குறைவாக இருந்தால் பழைய பேட் வாங்குங்கள், பழைய பிளாக்கர் வாங்குங்கள், மிச்சப்படும் காசை மாஸ்க்கில் போடுங்கள்.

தீட்டுக்கல்

ஸ்கேட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், இது என் வேலை.

பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது, நடுவில் ஒரு குழிவு இருக்கும். அந்தக் குழிவின் இரண்டு கரையும்தான் பனியைப் பிடிக்கின்றன. ஹாலோ என்பது அந்தக் குழிவை வெட்டும் வட்டத்தின் ஆரம். எண் சிறிதாக ஆக ஆகக் குழிவு ஆழம், பிடிப்பு அதிகம். எண் பெரிதானால் வழுக்கல் அதிகம், நின்றபடி பக்கவாட்டில் நகர்வது சுலபம். கோலி பிளேடு சாதாரண ஆட்டக்காரர்களின் பிளேடைவிடத் தடிமன், சுமார் 4 மில்லிமீட்டர், நீளவாக்கிலும் தட்டையாக இருக்கும். அதனால் கோலி ஸ்கேட்டைச் சரியாகத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

பழைய ஆட்கள் கோலிக்கு ஓர் அங்குலம், இன்னும் தட்டையாக என்பார்கள். நின்று ஆடிய காலத்துக்கு அது சரி. இப்போது பிள்ளைகள் முழங்காலில் இருந்தபடியே ஒரு காலைத் தூக்கிப் பிளேடின் உள்கரையால் உந்திப் பக்கவாட்டில் வழுக்கிப் போகிறார்கள், அந்தக் கரை சாய்வான கோணத்தில் பனியைக் கடிக்க வேண்டும். எடை குறைந்த பிள்ளைக்குப் பிடிப்பு இன்னும் வேண்டும். 11 வயதுக்கு அரை அங்குலத்தில் தொடங்குங்கள், ரொம்பப் பிடித்து இழுக்கிறது என்றால் 5/8க்கு மாற்றலாம். கடையில் "கோலி ஸ்கேட், அரை அங்குலம்" என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

ஒரு பக்கம் மட்டும் வழுக்குகிறது என்றால் எனக்கு ஹாலோ மேல் சந்தேகம் இல்லை. இடது பக்கம் போக உந்துவது வலது கால். அந்த வலது ஸ்கேட்டின் உள்கரை மழுங்கியிருக்கும், அல்லது தீட்டும்போது ஒரு கரை உயரமாகவும் மற்றது தாழ்வாகவும் போயிருக்கும். ஸ்கேட்டைக் கவிழ்த்துப் பிடித்து இரண்டு கரை மேலும் படும்படி ஒரு நாணயத்தைக் குறுக்கே வையுங்கள், நாணயம் சாய்ந்து நின்றால் தீட்டியது கோணல். விரல்நகத்தைக் கரையில் குறுக்காக மெதுவாக இழுத்துப் பாருங்கள், நகத்தில் மெல்லிய தூள் சுரண்டி வந்தால் கூர் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போனால் போய்விட்டது. கோலிகள் கோல் கம்பத்தில் காலை இடித்து நிற்பதால் கரை சீக்கிரம் கெடும். ரப்பர் தரை இல்லாத இடத்தில் ஒரு அடிகூட ஸ்கேட்டோடு நடக்க விடாதீர்கள்.

ஆட்டம் முடிந்ததும் பிளேடை உலர்ந்த துணியால் துடைத்து, துணி உறை போட்டுப் பையில் வையுங்கள். நடப்பதற்குப் போடும் கெட்டி பிளாஸ்டிக் உறையை அப்படியே விட்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், துரு ஏறும்.

இரண்டு_கோலி_அப்பா

கல்கரியில் இருந்து எழுதுகிறேன், மகனும் மகளும் இரண்டு பேருமே கோலி. நாற்றம் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் பிரச்சினை கராஜ். குளிர்காலத்தில் கராஜில் எதுவும் காயாது, ஈரம் உறைந்து நிற்கும், அடுத்த நாள் கார் சூட்டில் உருகி மறுபடி ஈரமாகும். காரின் பின்பெட்டியில் விட்டாலும் அதே கதை, மேலும் அந்தக் குளிரில் பிளாஸ்டிக் பாகங்கள் உடையும் பதத்துக்கு வரும். நாற்றம் வியர்வையில் இருந்து வருவதில்லை, ஈரத்தில் வளரும் பாக்டீரியாவில் இருந்து வருகிறது. ஈரம் போனால் நாற்றம் பாதிக்கு மேல் போய்விடும். மாமியாரிடம் பேசி வீட்டுக்குள், பேஸ்மென்டில் ஒரு மூலை வாங்குங்கள். பை உள்ளே வர வேண்டாம், பையிலிருந்து எடுத்த சாமான் மட்டும் வரட்டும், பையைத் திறந்து கராஜிலேயே கவிழ்த்து வையுங்கள்.

வீட்டுக்கு வந்த முதல் அரைமணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும், பசிக்கிறது தூக்கம் வருகிறது என்ற பேச்சு எங்கள் வீட்டில் செல்லாது. செஸ்ட் ப்ரொடெக்டரைக் கையோடு விரித்து அகலமான ஹேங்கரில் மாட்டுங்கள். பேட்டின் வார்களை எல்லாம் அவிழ்த்து, உள்பக்கம் காற்றுப் படும்படி நிமிர்த்தி வையுங்கள். கிளவ், பிளாக்கர் இரண்டின் மணிக்கட்டு வாரையும் முழுதாகத் திறந்து, விரல் நுழையும் வாய் மேலே பார்க்க வைத்து, முன்னால் ஒரு சாதாரண மேசை மின்விசிறியை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஹீட்டர், ஹேர் டிரையர், வெப்பக்காற்று வரும் துவாரம் எதற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். சூடு பட்டால் தோல் வெடிக்கும், பஞ்சும் ஒட்டுப் பசையும் கெடும், கெட்ட பஞ்சு பக் அடியை வாங்காது, உடம்பு வாங்கும். மாஸ்க்கின் நெற்றிப் பட்டையைக் கழற்றிக் கழுவலாம், அது மலிவு, சீசனுக்கு ஒன்று மாற்றுங்கள்.

கழுவுவது: உள்ளே போடும் டீ-ஷர்ட், காலுறை, நெக் கார்ட் (கழுத்துக் காப்பு), ஜாக் (கவட்டுக் காப்பு) இவற்றை ஒவ்வொரு தடவையும் கழுவ வேண்டும், இதில் சமாதானமே இல்லை. நெக் கார்டில் மட்டும் லேபிளில் சொன்னபடி கழுவுங்கள். செஸ்ட் ப்ரொடெக்டரையும் பேன்ட்டையும் சீசனுக்கு இரண்டு தடவை குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போட்டு ஊறவைத்து, கையால் அமுக்கி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, பிறகு விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயப்போடுவேன். பிளீச் வேண்டாம், துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். கால் பேட்டைத் தண்ணீரில் முக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். இடையில் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து உள்பக்கம் தெளிக்கலாம், காய்ந்ததும் வினிகர் வாடை போய்விடும்.

நாற்றத்தைவிட எனக்குப் பெரிய கவலை தோல். ஈரச் சாமானில் இருந்து படர்தாமரை வரும், சின்னச் சிராய்ப்பு இருந்தால் ஸ்டாஃப் கிருமி ஏறிச் சீழ் வைக்கும். முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், கழுத்து இந்த இடங்களைக் குளித்த பிறகு பார்த்துக்கொள்ளுங்கள். சிவந்து சூடாக இருந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஸ்கார்பரோ_கோலி

அண்ணா சொன்னதில் எல்லாம் சரி, தொட்டியில் ஊறவைப்பதில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. செஸ்ட் ப்ரொடெக்டரில் பஞ்சுகள் அடுக்கடுக்காகத் தைத்து மூடியிருக்கும், உள்ளே இறங்கிய தண்ணீர் வெளியே வர நாளாகும், மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். கடைகளில் ஓசோன் பெட்டியில் வைத்து எடுத்துத் தருகிறார்கள், நான் சீசன் தொடக்கத்திலும் முடிவிலும் அதைத்தான் செய்வேன். தொட்டியில்தான் என்றால் கோடைக்கு வையுங்கள், சீசன் நடுவில் வேண்டாம்.

இரண்டு_கோலி_அப்பா

சரி தம்பி, ஏற்றுக்கொள்கிறேன், எங்கள் ஊர்க் காற்று உங்கள் பக்கத்தைவிட வறண்டது, இங்கே சீக்கிரம் காயும். டொராண்டோப் பக்கம் இருப்பவர்கள் கோடையில் செய்யுங்கள்.

மார்க்கம்_அம்மா

எல்லோருக்கும் மிக்க நன்றி. நாணயத்தை வைத்துப் பார்த்தேன், வலது ஸ்கேட்டில் சாய்ந்துதான் நிற்கிறது! நாளைக்கே கொடுக்கிறேன்.

இன்னும் இரண்டு கேள்வி. கடன் வாங்கிய செஸ்ட் ப்ரொடெக்டரில் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில், காறை எலும்பு மேல் பக் பட்டுக் கன்றிப்போனது. அது இயல்பா, அளவு தப்பா? கழுத்தைப் பற்றி நினைத்தாலே பயமாக இருக்கிறது, இங்கிலாந்தில் நடந்ததைப் படித்ததில் இருந்து. மற்றது, தினமும் கார்பெட்டில் பட்டர்ஃப்ளை போட்டுப் பழகுகிறான், இடுப்பு வலிக்கிறது என்றும் சொல்கிறான். விடலாமா?

பிசியோ_அக்கா

இடுப்பு விஷயத்தை முதலில் சொல்கிறேன். கார்பெட்டில் தினமும் வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். பனியில் முழங்கால் இறங்கியதும் பேட் வழுக்கிக் காலை வெளியே கொண்டுபோகும், கார்பெட்டில் உராய்வு பிடித்துக்கொள்ளும், அந்தத் திருகல் முழுக்க இடுப்பு மூட்டிலும் முழங்காலின் உள்பக்கமும் விழும். பட்டர்ஃப்ளை என்பது தொடை எலும்பை உள்பக்கமாகச் சுழற்றும் அசைவு, மீண்டும் மீண்டும் அதையே செய்யும் கோலிகளுக்கு மூட்டுக் கிண்ணமும் எலும்புத் தலையும் உரசும் பிரச்சினை வருவது எங்கள் துறையில் நன்றாகத் தெரிந்த விஷயம். எவ்வளவு விரிகிறது என்பது அவரவர் எலும்பின் அமைப்பு. டிவியில் பார்க்கும் கோலி அளவுக்கு விரிய வேண்டும் என்று யாரும் அவன் காலைப் பிடித்து இழுக்கக் கூடாது. இடுப்பு மடிப்பில் வலி என்றால், ஓய்வு கொடுத்தும் ஒரு வாரத்தில் போகவில்லை என்றால் நேரில் காட்டுங்கள்.

வீட்டில் பழகத்தான் வேண்டும் என்றால் கண்ணையும் கையையும் பழக்குங்கள். சுவரில் டென்னிஸ் பந்தை எறிந்து ஒரு கையால் பிடிப்பது, பந்து கைக்குள் வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்ப்பது. கோடையில் ஹாக்கியை விட்டுவிட்டு வேறு எதையாவது ஆடட்டும், நீச்சல், கால்பந்து, எங்கள் பிள்ளைகள் எப்படியும் பார்க்கில் கிரிக்கெட் ஆடுவார்கள், ஸ்லிப்பில் நிற்கச் சொல்லுங்கள். பனியில் ஏறுவதற்கு முன் காலை வீசி, உட்கார்ந்து எழுந்து உடம்பைச் சூடாக்க வேண்டும். நின்றபடி நீட்டிப் பிடிக்கும் ஸ்ட்ரெட்ச் எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு.

காறை எலும்பு: அது அளவுப் பிரச்சினைதான். செஸ்ட் ப்ரொடெக்டரைப் போட்டுக்கொண்டு ஆடும் நிலையில் குனியச் சொல்லுங்கள். தோள் பகுதி விலகிக் காறை எலும்பு தெரிந்தால் வார் தளர்வு, அல்லது சாமான் அகலம். மேலே எழும்பி மாஸ்க்கின் தாடையை இடித்தால் நீளம். கீழே பேன்ட்டுக்கும் அதற்கும் நடுவில் வயிறு தெரியக் கூடாது. பேன்ட்டுக்கும் பேட்டுக்கும் நடுவே முழங்காலுக்கு மேல் தனியாக ஒரு கார்ட் போட வேண்டும், அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அங்கே படும் பக் ரொம்ப வலிக்கும்.

கழுத்து. நீங்கள் சொல்வது 2023 அக்டோபர் 28 ஷெஃபீல்டில் ஹாக்கி ஆட்டக்காரர் ஆடம் ஜான்சனுக்கு நடந்தது என்று நினைக்கிறேன், ஸ்கேட் பிளேடு கழுத்தில் பட்டு உயிர் போனது. அதற்கு முன் 1989இல் பஃபலோ டீமின் கோலி கிளின்ட் மலார்சக்குக்கும் பிளேடு பட்டுக் கழுத்து ரத்தக்குழாய் அறுந்தது, உடனே அழுத்திப் பிடித்த பயிற்சி உதவியாளரால் பிழைத்தார். கோலி பனியில் கீழே இருப்பார், மற்றவர்களின் கால் அவர் கழுத்து உயரத்தில் வரும். பயப்படுவது நியாயம்தான், அதற்குச் செய்யக்கூடியது இருக்கிறது. பிஎன்க்யூ (கியூபெக் தர அமைப்பு) முத்திரை உள்ள நெக் கார்ட் பிள்ளைகள் ஹாக்கியில் கட்டாயம், அதைப் புதிதாக வாங்குங்கள், பழையது வேண்டவே வேண்டாம். மாஸ்க்கின் தாடையில் தொங்கும் பிளாஸ்டிக் தகடு பக் அடிக்கு உதவும், ஆனால் அது நெக் கார்டுக்கு மாற்று இல்லை, இரண்டும் வேண்டும். சட்டைக்கு அடியில் தொளதொள என்று கிடக்காமல் கழுத்தைச் சுற்றி முழுதாக மூடுகிறதா என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீங்களே பாருங்கள்.

மார்க்கம்_அம்மா

நன்றி அக்கா, கார்பெட் பயிற்சி இன்றோடு நின்றது. பேட்டும் மாஸ்க்கும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பிளாக்கர், கிளவ், பேன்ட் மட்டும் எடுக்கலாம் என்றிருக்கிறோம். கிளவ்வின் வலைக் கயிறு ஓர் இடத்தில் நைந்திருக்கிறது, பிளாக்கரின் உள்ளங்கைத் துணியும் தேய்ந்திருக்கிறது. அதனால் விட்டுவிடலாமா?

ஸ்கார்பரோ_கோலி

அதற்காக விடாதீர்கள் அக்கா, கயிறும் உள்ளங்கையும் மாற்றக்கூடியவை, கோலி சாமான் தைத்துத் தரும் கடைகள் உங்கள் பக்கமே இருக்கும். அந்தச் செலவைச் சொல்லி விலையில் குறைக்கச் சொல்லுங்கள். கிளவ் முழுதாக மூடுகிறதா என்று மகனின் கையில் போட்டுப் பாருங்கள், உங்கள் கையில் மூடுவது கணக்கில்லை. மூடவில்லை என்றால் அவனுக்கு அது ஆகாது. உள்ளங்கையில் பஞ்சு செத்துப்போயிருந்தால், அழுத்தினால் விரல் எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தால், அதையும் விடுங்கள்.

பையில் ஒரு சின்ன டப்பா வையுங்கள். திருப்புளி, மாஸ்க் கம்பியின் திருகும் கிளிப்பும் கூடுதலாக நாலைந்து, மட்டைக்கு டேப், ஸ்கேட் லேஸ் இரண்டு. பேட்டின் நுனியை ஸ்கேட்டோடு கட்டும் கயிறுதான் முதலில் அறும், அதுவும் ஆட்டம் நடக்கும்போதுதான் அறும், லேஸ் இருந்தால் ஒரு நிமிடத்தில் கட்டிவிடலாம். மாஸ்க் திருகுகளை வாரம் ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். கம்பி கொஞ்சம் உள்ளே வளைந்தாலும் நிமிர்த்த வேண்டாம், அந்த மாஸ்க்குக்கே உரிய புதுக் கம்பி போடுங்கள்.

ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று. கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். பயிற்சியாளரிடம் கேட்டு, இரண்டு கம்பத்திலும் ஒவ்வொரு கயிறு கட்டி, மறுமுனை இரண்டையும் பக் இருக்கும் இடத்தில் சேர்த்துப் பிடியுங்கள். மகன் அந்தக் கயிறுகளுக்கு நடுவில் கோட்டிலேயே நின்று பார்க்கட்டும், பிறகு க்ரீஸின் (கோலுக்கு முன்னால் கோடு போட்டிருக்கும் கோலியின் இடம்) மேல்விளிம்பு வரை முன்னால் வந்து பார்க்கட்டும். எவ்வளவு இடம் மூடுகிறது என்று அவனே கண்ணால் பார்ப்பான். பெரிய பேட் செய்யும் என்று வீட்டில் நினைத்த வேலையைச் சரியான இடத்தில் நிற்பது செய்துவிடும்.

தீட்டுக்கல்

புது ஸ்கேட் வாங்கும்போதும் கேளுங்கள், கடையிலிருந்து வரும் பிளேடு பெரும்பாலும் ஆடத் தயாராகத் தீட்டியிருக்காது. பனியில் ஏறுவதற்கு முன் ஒரு தடவை தீட்டியே ஆக வேண்டும்.